கீழரோட்டு விளக்கில் உறைந்த சாயங்காலம்

எங்கள் செங்காட்டுப்பேட்டையில் மழையே வருஷத்துக்கு ஏழெட்டு நாள்தான் எட்டிப் பார்க்கும், அதுவும் செருப்பைக் கழற்றாமல் வாசலோடு பேசிவிட்டுப் போகிற சொந்தக்காரர்களைப் போல வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில், நாலுமுக்கு சிக்னலின் பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்.இ.டி. விளக்குகளை மாட்டிய வருஷம், மார்கழி மூன்றாம் தேதி காலை ஏழரை மணிக்கு, பள்ளிக்கூட வேன்களும் பால்வண்டிகளும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பனி பெய்தது. பனி என்றால் புல்நுனியில் நின்று வெயில் வந்ததும் விடைபெறுகிற பனி இல்லை, சாமி காலண்டரில் கைலாயத்துக்குப் பின்னால் வரைந்திருப்பார்களே, அந்தப் பனி. அது ஊர் முழுக்கப் பெய்யவில்லை. நாலு சிக்னல் கம்பங்களின் தலையில் மட்டும், யாரோ மேலே உட்கார்ந்து இட்லி மாவுக்கு அரிசி களைந்து கொட்டுவதைப் போல நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. கம்பத்தின் அடியில் குத்தவைத்திருந்த வெள்ளரிப்பிஞ்சு விற்பவளின் மேல் ஒரு பொட்டு விழவில்லை, அவள் பாட்டுக்குப் பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

ஏன் பெய்தது என்று எங்களைக் கேட்காதீர்கள். நகராட்சி மின்பணியாளர் பீர்முகம்மதுதான் பழைய பல்புகளைக் கழற்றியவர், அவருக்குத்தான் கொஞ்சமாவது தெரிந்திருந்தது. பழைய பல்புகள் அடுப்பு மாதிரி கொதிக்கும், மார்கழிக் காலையில் காக்கைகள் சிக்னல் மேல் உட்கார்ந்து வயிற்றுக்குச் சூடுகாட்டிக்கொள்ளும், பல்பு மாற்றும்போதெல்லாம் அவருடைய விரலில் ஒரு கொப்புளமாவது எழும். புது விளக்கை மாட்டி முடித்து, எரியவிட்டு, அதன் முகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அவர் ஏணியிலிருந்து இறங்கியபோது, திறப்பு விழாவுக்கு வந்திருந்த நகராட்சித் தலைவி எப்படியிருக்கிறது என்று கேட்டார். வெளிச்சம் வருகிறது, சூடு வரவில்லை, சூடில்லாத வெளிச்சத்தை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை, என்ன செய்கிறதென்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். காக்கைகள் ஒன்பது நாள் வந்து பார்த்துவிட்டுப் பேருந்து நிலையத்துப் புரோட்டா கடைக் கூரைக்குக் குடிபெயர்ந்தன.

பனி வந்ததும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆகாயத்திலிருந்து எது விழுந்தாலும் முதலில் அதற்குக் கூரை போட வேண்டும், ஆகவே நாலு சிக்னலுக்கும் தகரக் கூரை போட்டார்கள், பனி கூரையை மதிக்காமல் கூரைக்கும் விளக்குக்கும் நடுவில் இருந்த ஒன்றரை அடி இடத்தில் பெய்தது. மார்கழியில் எங்களூரில் ஆண்பிள்ளைகளெல்லாம் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டுதான் டீக்கடைக்கு வருவார்கள், அந்தப் பழக்கத்தில் யாரோ சிக்னலுக்கும் ஒரு குல்லா மாட்டிவிட்டார்கள், குல்லாவுக்குள்ளேயே பனி நிறைந்து அது பருத்துத் தையல் விட்டது. பெருமாள் கோயில் பட்டர் ஒரு விளக்கம் சொன்னார், மேலத்தெரு சர்ச்சில் ஃபாதர் பிரசங்கத்தில் ஒரு விளக்கம் சொன்னார், இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டும் சரிதான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. விளக்கு விற்ற கம்பெனிக்கு நகராட்சி கடிதம் எழுதியது. மழை, தூசி, இடி, குரங்கு ஆகியவற்றால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் உண்டு, பனியைப் பற்றி ஒப்பந்தத்தில் குறிப்பு இல்லை என்று பதில் வந்தது.

கத்திரி வெயிலில் உருகிவிடும் என்றார்கள். தார்ச்சாலை உருகி வண்டிச்சக்கரத்தில் ஒட்டியது, பனி உருகவில்லை. வெயிலை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் மூட்டிய சூட்டுக்கு மட்டும் இளகியது. பீர்முகம்மது வெந்நீர் வாளியோடு ஏறி ஊற்றினால் வடியும், ஆனால் ஒரு தோலுக்கு மேல் இளகாது, மறுநாளே ஊற்றிய இடம் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு வெங்காயத்தோல் கனம்தான் பெய்தது, ஒரு நாளும் தவறவில்லை. முதல் மாதத்தில் தேங்காய்மூடி அளவு இருந்தது, மறுவருஷம் பலாப்பழமாயிற்று. கல்யாண ஜோடிகள் தாலி கட்டிய கையோடு அதன் கீழ் வந்து நின்று படமெடுத்துக்கொண்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து வேர்வையில் நனைந்து திரும்பினார்கள், எங்களில் கல்நெஞ்சுக்காரர்கள்கூட அந்த முக்கைக் கடக்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளை வெயிலில் வெள்ளையாக அது மினுங்குகிறபோது நெஞ்சுக்குள் ஏதோ கூசும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அது மட்டும் எங்களுக்குப் புளிக்கவில்லை.

ஆனால் அது சிக்னல். அதை நாங்கள் மறந்தோம். உண்மையைச் சொன்னால், விளக்கு பளிச்சென்று தெரிந்த காலத்திலும் நாங்கள் அதைப் பெரிதாக மதித்ததில்லை, போலீஸ்காரர் நின்றால் சிவப்பு, நிற்காவிட்டால் பச்சை. பனி மூடிய பிறகு, நிறம் தெரியவில்லை என்கிற நல்ல சாக்கும் கிடைத்தது. உற்றுப் பார்த்தால் பனிக்குள்ளிருந்து ஏதோ ஒரு நிறம் கசிகிற மாதிரி இருக்கும், அவனவன் தனக்குப் பிடித்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு போனான்.

முதல் வருஷம் தை மாதம் பதினெட்டாம் தேதி, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போன கரண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தது. வந்து சில நிமிஷங்களில், கீழரோட்டிலிருந்து வந்த கொம்பையாவின் மினிபஸ், தேய்த்த துணிமூட்டையோடு தெற்கேயிருந்து வடக்கே சைக்கிளில் கடந்த தேய்ப்புக்காரன் இருளப்பன் மேல் மோதி, அதே வேகத்தில் எதிரே கீழரோட்டைப் பார்த்து நின்ற சிக்னல் கம்பத்தில் இடித்து நின்றது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் சாலை முழுக்க விரித்த மாதிரி கிடந்தன. அன்றைக்குத்தான் தேய்த்தவை, மடிப்புக் கலையாமல்கூடச் சில கிடந்தன. இருளப்பன் அங்கேயே இறந்துபோனான்.

கொம்பையா இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு கோழிக்குஞ்சின் மேல் சக்கரத்தை ஏற்றியதில்லை. பனிக்குள் பச்சை கசிந்தது, பார்த்துத்தான் எடுத்தேன் என்று அன்றைக்குச் சொன்னார். பிறகு போலீஸ் கேட்டபோது, கரண்டு வந்ததும் பக்கத்து மருந்துக்கடையின் பச்சை போர்டும் எரிந்தது, அந்தப் பச்சை பனியில் பட்டுத் தெரிந்ததோ என்னவோ என்று சொன்னார். வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. நீதிபதியே ஒருநாள் காரில் வந்து இறங்கி, கறுப்புக் கோட்டோடு சிக்னலுக்கு நேரே நின்று, கையை நெற்றியில் வைத்துக் கால்மணி நேரம் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து கொம்பையாவை விடுதலை செய்தார்கள். அவர் பலனை நீதிமன்றத்திலேயே விட்டுவிட்டுச் சந்தேகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை, நாலுமுக்குப் பக்கம் வரவில்லை, கடைக்குப் போக வேண்டுமென்றால்கூட ஒரு மைல் சுற்றி ரயில்வே கேட் வழியாகப் போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், பாவம் கொம்பையா என்றோம். அந்த வாயாலேயே, இருளப்பன் கொஞ்சம் பார்த்துப் போயிருக்கக் கூடாதா என்றும் சொன்னோம். நாங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, துக்கவீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் சொன்னோம். இருளப்பனின் மனைவி சந்தனமாரி அப்போது மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நாலுமுக்கில் வடக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் தேய்ப்புவண்டியை நிறுத்தி, பெட்டியில் கரியைப் போட்டு, விசிறி, வேலையை ஆரம்பித்தாள். துணி கொடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பெட்டியைத் தூக்கி அழுத்தித் தேய்த்தாள்.

சாவுக்குப் பிறகு ஊருக்கு ஒரு புத்தி வந்தது. நாலுமுக்குக்கு வருகிற எந்த வண்டியும் கோட்டில் நிற்க வேண்டும், எதிரே நிற்கிறவர் கையை நீட்டி, வாங்க என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த வழக்கம். லாரிக்காரன் சைக்கிள்காரனை வாங்க என்பான், சைக்கிள்காரன் நீங்க வாங்க என்பான், சில நாள் இரண்டு பேரும் உபசாரத்தில் ஐந்து நிமிஷம் நிற்பார்கள். வெளியூர் டிரைவர்கள் இது ரோடா கல்யாணவீட்டுப் பந்தியா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். பனிக்குள்ளே விளக்குகள் யாரும் பார்க்காமல் தங்கள் பாட்டுக்கு மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன.

அவை எரிந்தது வீண்போகவில்லை என்பதைக் கண்டுபிடித்தவள் மீன் விற்கிற சலேத்தம்மாள். மூன்றாம் வருஷம் ஆவணியில் ஒருநாள் அவளுக்கு ஐஸ் வண்டி வரவில்லை, கூடையில் சாளைமீன் வாடிக்கொண்டிருந்தது. அவள் துரட்டிக் கம்பை எடுத்துத் தெற்குச் சிக்னலின் மேல்தோலில் ஒரு தட்டு தட்டி, விழுந்த பாளத்தை மீன்மேல் போட்டு, ஈரச்சாக்கை மூடி, மேலத்தெருவுக்குப் போய்க் கூடையை இறக்கினாள். வாங்க வந்த பெண்கள் மீனைப் புரட்டிப் பார்க்கிற கைச்சூட்டில் பனி இளகியது, இளகியதும் கூடைக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் எழுந்தது. மீனெல்லாம் சிவந்தன, சுற்றி நின்றவர்களின் முகமெல்லாம் சிவந்தது. அரை நிமிஷம் கழித்து அது பச்சையாயிற்று, பிறகு ஒரு கணம் மஞ்சள், மறுபடி சிவப்பு. சலேத்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, மீன் நல்ல மீன்தான், வெளிச்சத்துக்குத் தனியாக ஒன்றும் கிடையாது என்று சொல்லி விற்று முடித்தாள்.

பீர்முகம்மது வந்து பார்த்தார், வெந்நீர் ஊற்றியபோதெல்லாம் கசிந்ததை எரிகிற விளக்கின் வெளிச்சமென்றே நினைத்திருந்தேன் என்றார். சூடு இருந்திருந்தால் வெளிச்சம் பனியை உருக்கிக்கொண்டு வெளியே போயிருக்கும், சூடில்லாததால் போக வழி தெரியாமல் உள்ளேயே உறைந்துவிட்டது என்றார். மேல்தோல் நேற்று, அதற்குள் முந்தாநாள், அதற்குள் போன வாரம், இப்படியே உள்ளே போகப் போகப் பழைய நாட்கள், அடியில் விளக்கின் முகத்தை ஒட்டிக் கிடப்பது முதல் நாள். மேல்தோல்தான் கம்புக்கு உடையும், உள்ளே கருங்கல்லாய் இறுகியிருக்கும். ஒரு நாளின் தோலுக்குள் வெளிச்சம் காலையிலிருந்து வரிசையாகத்தான் எரியும், ஒரு தடவை உருகி எரிந்த நாள் மறுபடி வராது.

அன்றிலிருந்து ஊர் சிக்னலைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. அந்தப் பனிக்குள் உருவம் கிடையாது, முகம் கிடையாது, குரல் கிடையாது, வெறும் வெளிச்சம்தான், இருந்தாலும் அது எங்கள் வெளிச்சம். ரிட்டையர்டான புஷ்பகாந்தி டீச்சரின் மகள் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது பஸ் கீழரோட்டில் போலீஸ்காரர் கைகாட்டிச் சிவப்பில் ஒரு நிமிஷம் நின்றது, அந்த ஒரு நிமிஷம் ஜன்னலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் நின்றார், அந்தச் சிவப்பு உள்ளே இருக்கிறது. சலூன்காரர் மகனின் கல்யாண ஊர்வலம் தடையில்லாமல் போன பச்சை உள்ளே இருக்கிறது. ஆம்புலன்ஸ் திரும்பி வந்த மஞ்சள்கள் உள்ளே இருக்கின்றன. யாரும் உருக்கவில்லை. ஒரு தடவைதான் எரியும் என்றால் யாருக்குக் கை வரும்? உள்ளே இருக்கிறது என்கிற நினைப்பே போதுமென்று, போகும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லார் மனதிலும் இன்னொரு நினைப்பும் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கீழரோட்டைப் பார்த்த விளக்கின் அடியாழத்தில், தை பதினெட்டுச் சாயங்காலமும் இருக்கிறது.

கொம்பையா அதைக் கேள்விப்பட்டு நாற்பது நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நாற்பத்தோராம் நாள் காலை, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, நாலுமுக்கு வழியாக நடந்து வந்து சந்தனமாரியின் தேய்ப்புவண்டி முன்னால் நின்றார். கையில் துணி இல்லை. மெலிந்து, காலர் கழுத்தில் தொங்கியது. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அந்த வெளக்க உருக்கிப் பாக்கணும் தாயி” என்றார். “எனக்குத் தெரியணும்.”

“கோர்ட்டுல ஒங்கள விட்டுட்டாங்கல்ல அண்ணாச்சி.”

“கோர்ட்டு விட்டுருச்சு. நான் இன்னும் அந்த சீட்டுலதான் உக்காந்துருக்கேன்.”

சந்தனமாரி பெட்டியின் மூடியைத் திறந்து கரியைக் கிளறினாள், திரும்ப மூடினாள். அவளுக்கு அவர்மேல் கோபமிருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாகப் பயமிருந்தது. “செவப்புன்னு வந்தா தப்பு ஒங்க மேல. பச்சையின்னு வந்தா? செத்தவரு மேல தப்புன்னு ஆயிரும். இப்ப ஊரு வாயிலதான் அப்பிடி இருக்கு. அப்பறம் வெளிச்சத்துலயே வந்துரும். தெரியாதவரைக்கும் எங்க வீட்டுக்காரரு தப்புப் பண்ணல. அத என்கிட்டருந்து எடுத்துறாதீக.”

கொம்பையா தலையசைத்தார். அவளைக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் கோட்டில் நின்று, எதிரே டிராக்டர்க்காரர் வாங்க என்று சொல்லும்வரை காத்திருந்து, தலையைக் குனிந்துகொண்டு கடப்பதை அவள் வண்டியிலிருந்து பார்த்தாள்.

ஒரு வாரம் போயிற்று. அந்த வாரத்தில் ஒருநாள் ஒரு புது மருமகள் துணி கொடுக்க வந்தாள், வேற்றூர்ப் பெண், ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. துணியை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒங்க வீட்டுக்காரர் கொஞ்சம் பார்த்துப் போயிருக்கலாமே அக்கா என்றாள். இருளப்பனை அவள் பார்த்ததே இல்லை. அந்த வாக்கியம் இனி ஊரைவிட்டுப் போகாது, கைமாறிக் கைமாறி, தான் செத்த பிறகும் இங்கேயே புழங்கும் என்று சந்தனமாரிக்கு அப்போது விளங்கியது. அன்றைக்கே பீர்முகம்மதுவைக் கூப்பிட்டு, ஏணியை எடுத்து வாங்க அண்ணே என்றாள்.

ஏணியை வைத்து ஏறிவிடுகிற காரியமா அது? அந்தச் சாயங்காலத்துக்குப் போய்ச்சேர வேண்டுமென்றால் அதற்கு மேல் கிடக்கிற அத்தனை நாட்களும் உருகி எரிந்து போக வேண்டும். எங்களுக்குக் கூட்டம் போட்டால் முதல் ஒரு மணி நேரம் நாற்காலிக்குத்தான் சண்டை வரும், அன்றைக்கு யாரும் உட்காரவே இல்லை. எல்லாரும் புஷ்பகாந்தி டீச்சரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகள் போனவள் போனவள்தான், போனிலாவது பேசுகிறாள், சந்தனமாரிக்கு அதுகூட இல்லையே, உருக்குங்கள், என் நாள் வரும்போது மட்டும் சொல்லுங்கள், கிட்டே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார். சலூன்காரர் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான் கூட்டம்.

மறுநாள் விடிந்ததும் கீழரோட்டுச் சிக்னலில் பீர்முகம்மது கரண்டை நிறுத்திவிட்டு ஏணியைச் சாத்தினார், அடியில் தானே பிடித்துக்கொண்டார். சந்தனமாரி கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகி, கனன்ற தேய்ப்புப்பெட்டியோடு ஏறினாள். சட்டைக் கையைத் தேய்க்கிற அதே பதத்தில், அழுத்தாமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல், பெட்டியைப் பனியின் மேல் ஓட்டினாள். ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒரு நாள் உருகியது, சிவப்பு பச்சை மஞ்சள் சிவப்பு பச்சை மஞ்சள் என்று போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் வெளியே வந்து எங்கள் மேலும் கடைகளின் மேலும் வேப்பமரத்தின் மேலும் பாய்ந்து கரைந்தன. நாலு ரோட்டிலும் வண்டிகள் தாமாகவே நின்றுவிட்டன, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே அண்ணாந்து நின்றார்கள். போன தீபாவளி எங்கள் மேல் விழுந்தது. தேர்தல் நாள் விழுந்தது. இரண்டு பேர் பிறந்த நாளும் ஏழு பேர் இறந்த நாளும் விழுந்தன. பீர்முகம்மது நாட்கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்குக் கரண்டு போன நேரமெல்லாம் வெளிச்சம் இல்லாமல் இருண்ட வரிகளாகக் கிடந்தன, அவற்றை எண்ணித்தான் மாதம் பிடித்தார். பெட்டியில் கரி தணியத் தணியக் கீழேயிருந்து வேறு பெட்டி போனது, ஊரிலிருந்த அத்தனை தேய்ப்புக்காரர்களும் அன்றைக்குத் தங்கள் பெட்டியைக் கனப்போடு கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள்.

பதினோரு மணிவாக்கில் பீர்முகம்மது, டீச்சர் என்று கூப்பிட்டார். புஷ்பகாந்தி டீச்சர் முன்னால் வந்து முகத்தை நிமிர்த்தினார், ஒரு மூச்சு நேரம் அவர் முகத்தில் சிவப்பு நின்றது. அவர் கையைத் தூக்கி, ஜன்னல் உயரத்தில் எதையோ பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்தார். வெளிச்சம் போனதும் கையை இறக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய் நின்றார். நாங்கள் எல்லாரும் அழுதோம், எங்களுக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை.

வெயில் சாய்ந்தது. பலாப்பழம் தேங்காயாயிற்று, தேங்காய் மூடியாயிற்று. ஐந்து மணி தாண்டியதும் முப்பத்தைந்தாவது இருட்டுவரி வந்தது. “தை பதினெட்டு. கரண்டு இல்லாத நேரம்” என்றார் பீர்முகம்மது, அதற்கு மேல் எண்ணவில்லை. சந்தனமாரி பெட்டியைக் கீழே கொடுத்துவிட்டாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெறும் உள்ளங்கையை அந்தப் பனியின் மேல் வைத்தாள்.

அப்போதுதான் நாங்கள் கொம்பையாவைப் பார்த்தோம். காலையிலிருந்து அவர் கூட்டத்தில் இருந்தாரா என்று யாருக்கும் தெரியாது. கீழரோட்டில், வண்டிகள் நிற்க வேண்டிய வெள்ளைக்கோட்டில், செருப்பைக் கழற்றிவிட்டு, சிக்னலைப் பார்த்து ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தார். பஸ் டிரைவரின் நெஞ்சுக்கு எதிரே ஸ்டியரிங் இருக்கிற இடத்தில் அவருடைய இரண்டு கைகளும் கும்பிட்டபடி இருந்தன.

கைச்சூட்டுக்குப் பனி மெதுவாகத்தான் இளகியது, அன்றைக்கு நேரம் எப்படி நகர்ந்ததோ அப்படியே நகர்ந்தது. இருட்டு முடிந்து விளக்கு எரிந்தது. முதலில் பச்சை. மஞ்சள். பிறகு சிவப்பு, பிறகு மறுபடி பச்சை, கொம்பையா உடம்பைக் குறுக்கிக்கொண்டார், சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள். மஞ்சள் வந்தது. சிவப்பு வந்தது. சிவப்பு பத்து எண்ணுகிற நேரம் அசையாமல் நின்றது. பத்தும் முடிந்து இன்னும் இரண்டு எண்ணுவதற்குள், அந்தச் சிவப்பு நடுங்கியது. பஸ் இடித்துக் கம்பம் ஆடிய ஆட்டத்தில் அன்றைக்கு விளக்கு எப்படி நடுங்கியதோ அப்படியே நடுங்கியது, கடைகளின் சுவரெல்லாம் நடுங்கியது, எங்கள் சட்டையெல்லாம் நடுங்கியது. பிறகு அடங்கி, சிவப்பாகவே நின்றது.

சந்தனமாரி கண்ணைத் திறந்தாள். ஏணிமேல் நின்றபடி எங்கள் பக்கம் திரும்பினாள். கூட்டத்திலிருந்த அத்தனை பேரின் சட்டையும் சேலையும் அவள் கையால் தேய்த்தவை. “அவரு பாத்துத்தான் போயிருக்காரு” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் நாலு ரோட்டுக்கும் கேட்டது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். மூன்று வருஷம் நாங்கள் சொல்லி வந்த வாக்கியம் அந்த நிமிஷத்தில் எங்கள் வாயிலேயே செத்துப்போனது.

கொம்பையா அசையவில்லை. ஓடிப்போவார் என்று நினைத்தோம், காலில் விழுவார் என்று நினைத்தோம், அவர் இரண்டையும் செய்யவில்லை. அந்தச் சிவப்பு இன்னும் முடியவில்லை, அவர் அது முடிவதற்காக நின்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நின்றிருக்க வேண்டிய கோட்டில், நின்றிருக்க வேண்டிய நேரம் முழுவதும், வெறுங்காலோடு, சிவப்பை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார். அவர் பாதம் கோட்டைத் தாண்டவில்லை. அவள் கையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை மரத்துப்போயிருக்கும், அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்தச் சிவப்பு அங்கேயே உறைந்து நின்றிருக்கும், அவரும் அதன் முன்னால் சாகும்வரை நின்றிருப்பார். அது அவளுக்குத் தெரியும். எடுக்கலாமா என்று அவள் நினைத்தாளா என்று எங்களுக்குத் தெரியாது, ஒரு தடவை அவள் விரல்கள் மட்டும் லேசாக எழும்பி மறுபடி படிந்ததைப் பார்த்தோம்.

பச்சை விழுந்தது. சாலையெல்லாம் நாற்றங்கால் மாதிரி பச்சையாயிற்று. அவர் அப்போதும் கோட்டிலேயே நின்றார். எங்கள் ஊர் வழக்கப்படி, எதிரே இருக்கிறவர் சொல்லாமல் கடக்கக் கூடாது.

சந்தனமாரி அவரைப் பார்த்தாள். பிறகு மரத்துப்போன கையைப் பனியிலிருந்து எடுத்து, அவர் பக்கம் நீட்டினாள்.

“பச்ச விழுந்துருச்சு அண்ணாச்சி. வாங்க.”

அவர் வந்தார். கோட்டிலிருந்து கம்பத்துக்கு முப்பது அடிதான், அவர் அதைக் கடந்து முடிக்கும்வரை அந்தப் பச்சை அப்படியே உறைந்து நின்றது. ஏணியருகே வந்ததும் பீர்முகம்மது விலகி இடம்கொடுத்தார். கொம்பையா குனிந்து ஏணியின் இரண்டு காலையும் ஆடாமல் பிடித்துக்கொண்டார், சந்தனமாரி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.